ஞானதிரவியம் சார் கணினியை மூடும் முறை

ஏப்ரல் 17, திங்கள்

ரத்த அழுத்தம் எகிறியதற்கு டாக்டர் கொடுத்த மருந்து இரண்டு. ஒன்று மாத்திரை. இன்னொன்று, தினமும் நாலு வரி எழுத வேண்டுமாம். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

துவைக்கும் இயந்திரம் மறுபடியும் சுழல மறுத்துவிட்டது. போர்வையைக் கையால் பிழிந்து தோள் போச்சு. அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம். நாற்காலியில் உட்காரும் முன்பே பாளையங்கோட்டையிலிருந்து ஞானதிரவியம் சார் அழைத்துவிட்டார்.

மதுரையில் ஆறு பேர் வேலை செய்யும் எங்கள் நிறுவனம் பாடப்புத்தகங்களைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளைச் செய்கிறது. அதன் ஜாவா நிரல் முழுக்க என் பொறுப்பு. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகம் அதைப் பயன்படுத்துகிறது. மென்பொருள் மாற்றித் தரும் புள்ளிகளில் தப்பு இருக்கும், கணக்குப் புத்தகமென்றால் நிறையவே இருக்கும். அவற்றைத் திருத்துபவர்தான் ஞானதிரவியம் சார். பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறார். அவர் மனைவி சொர்ணம் அக்கா அச்சுப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். சார் கணினியோடு இணைத்த ஒரு பெட்டியில் எழும்பும் புள்ளிகளை விரலால் தொடர்ந்துகொண்டே போய், தப்பு வந்த இடத்தில் நிறுத்துவார். ஒரு பாடத்தை எடுத்தால் அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் எழுவாராம்.

இன்றைக்குப் புகார் இதுதான். "சனிக்கிழம ஒம்பதாம் பாடம் முழுக்கத் திருத்துனேம்மா. இன்னைக்கு ஒரு கணக்கச் சரிபாக்கத் தொறந்தா, பழைய தப்பெல்லாம் திரும்பி வந்து உக்காந்திருக்கு."

"சேவ் பண்ணீங்களா சார்?"

"பண்ணாம இருப்பனா. சேமிக்கப்பட்டதுன்னு அந்தக் குரலு சொல்லுச்சே."

"கம்ப்யூட்டர எப்படி மூடுவீங்க?"

"செவுத்துல சுவிட்ச அணச்சிருவேன். இதுக்குன்னு ஒவ்வொரு சன்னலா மூடிட்டு இருந்தா அந்தக் குரலு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேச்சு பேசுதும்மா, காது வலிக்கி."

பிடித்துவிட்டேன். சுவரில் அணைத்தால் எழுதியது எப்படித் தங்கும் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். இனிமேல் கோப்புப் பட்டியல், மூடு, அதன் பிறகு விண்டோஸை அணைப்பது, கடைசியாகத்தான் சுவிட்ச். மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னார். பதினொரு நிமிடத்தில் புகாரை முடித்து, "பயனர் தவறு" என்று பதிந்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

மெக்கானிக் வரவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

அம்மாவை அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம். கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று. "இனிமே முறுக்குக் கெடையாதா?" என்று டாக்டரிடமே கேட்டாள்.

காத்திருக்கும்போது ஞானதிரவியம் சார் அழைத்தார். புகார் இல்லை. "நீங்க சொன்ன மாதிரியே மூடுதேன். ஒம்பதாம் பாடத்த மறுபடியும் திருத்திட்டேன், பதினொண்ணு வரைக்கும் முடிச்சாச்சு. சொர்ணம் ஒரு தடவ தொறந்து பாத்துக்கிடலாமேன்னா. அந்தப் பிள்ள சொல்லிருச்சுல்லா, பெறவு என்ன பாக்கன்னு சொல்லிட்டேன்."

நல்லது சார் என்றேன். சந்தோஷமாக இருந்தது.

மே 3, புதன்

அச்சக நிர்வாகி பியூலா மேடம் காலையிலேயே எங்கள் முதலாளி கதிரேசனை அழைத்து வறுத்திருக்கிறார். பத்தாம் வகுப்புக் கணக்கு, பதினான்கு பாடம், நாற்பது பிரதி அச்சாகிவிட்டது. முதல் பிரதியைப் படித்துப் பார்த்த பார்வையற்ற ஆசிரியை ஒருவர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாராம். எண்களுக்கு முன்னால் வர வேண்டிய எண் குறி பாதி இடத்தில் இல்லை. அந்தக் குறி இல்லாவிட்டால் விரலுக்கு ஒன்று என்பது 'அ' ஆகிவிடும். இப்படி ஒரு புத்தகத்தை வைத்து எந்தப் பிள்ளை கணக்குப் போடும்?

ஒரு பாடத்தில்கூட ஒரு திருத்தம்கூட இல்லை. சார் திருப்பி அனுப்பிய ஜிப், அதாவது பதினான்கு பாடத்தையும் ஒன்றாகக் கட்டிய ஃபைல், அவருக்குப் போன ஜிப்பேதான்.

"அவர் வேலையே செய்யலன்னு மேடம் சொல்றாங்க. வயசாயிருச்சு, சேவ் பண்ண மறந்திருப்பாருன்னு" என்றார் கதிரேசன். "நீ ஏப்ரல்ல பதிஞ்ச புகார் டிக்கெட்ட அனுப்பி வச்சேன். பயனர் தவறுன்னு நீயே எழுதியிருக்கல்ல, நல்லதாப் போச்சு."

பதினான்கு பாடத்திலுமா ஒருவர் மறப்பார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சுவிட்ச்தான் காரணமென்றால் முதல் எட்டுப் பாடத்தையும் அன்றைக்கே திறந்து பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

மே 4, வியாழன்

சாருக்கு அனுப்பிய அதே ஜிப்பை என் கணினியில் திறந்தேன். மற்ற திருத்துநர்கள் அச்சகத்திலேயே உட்கார்ந்து ஃபோல்டரில் இருக்கும் பாடங்களைத் திருத்துகிறார்கள். வெளியே இருப்பவர் சார் ஒருவர்தான். பதினான்கு ஃபைலைத் தனித்தனியாக அனுப்பினால் ஒன்றிரண்டு தொலைகிறது என்று பிப்ரவரியில் ஜிப்பை நேராகத் திறக்கும் வசதியைச் சேர்த்தோம். அவருக்காகவே சேர்த்தது. ஒரு விசையில் திறந்துவிடும்.

ஒரு எண்ணை மாற்றினேன். சேவ். "சேமிக்கப்பட்டது" என்றது குரல். முறையாக மூடினேன். மறுபடி திறந்தேன். மாற்றம் இல்லை.

ஏழு தடவை செய்து பார்த்தேன். ஏழு தடவையும் சேமிக்கப்பட்டது என்றது. ஏழு தடவையும் பொய்.

காரணம் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதுதான் எரிச்சல். எங்கள் மென்பொருளுக்கு எல்லாமே ஃபைல்தான். கணினி வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், இருப்பதும் ஃபைல், ஜிப்புக்குள் இருப்பதும் ஃபைல், சர்வரில் இருப்பதும் ஃபைல். ஜாவாவில் அதற்கென்று ஓர் அடுக்கு இருக்கிறது, மெய்நிகர் ஃபைல் அமைப்பு என்பார்கள். எது எங்கே கிடக்கிறது என்ற கவலை இல்லாமல் வேலை செய்யலாம். ஆனால் எழுத்தைப் புள்ளியாக்கும் எஞ்சின் பழையது. அதற்கு வட்டில் நிஜமான ஒரு முகவரி வேண்டும். அதனால் நடுவில் ஓரிடத்தில், இந்த ஃபைலுக்கு வட்டில் முகவரி உண்டா என்று கேட்கிறோம். ஃபோல்டரில் இருந்தால் முகவரி வரும். ஜிப்புக்குள் இருந்தால் 'நல்' என்று வரும். ஒன்றுமில்லை என்று பொருள். அது பிழையே இல்லை, நேர்மையான பதில்.

அந்தப் பதிலைக் கவனிக்காவிட்டால் மென்பொருள் விழும், அதாவது பாதியில் நின்றுவிடும். ஏழு வருடம் முன்னால் எப்போதாவது யாராவது ஜிப்பைத் திறக்கப் பார்த்தால் விழுந்துகொண்டுதான் இருந்தது. யாரோ பத்து வரி எழுதி அதை நிறுத்தியிருக்கிறார்கள். முகவரி இல்லையா, ஃபைலைத் தற்காலிக ஃபோல்டருக்கு நகல் எடு, நகலின் முகவரியைக் கொடு, மென்பொருள் மூடும்போது நகலை அழித்துவிடு. கேட்டவனுக்குக் கையில் இருப்பது நகல் என்றே தெரியாது. படிக்க மட்டும் என்றால் சரி. எழுதினால், எழுதியது நகலில் போய் விழும். அதை ஜிப்புக்குத் திருப்பி எடுத்துப் போக ஒரு வரி கிடையாது.

மே 5, வெள்ளி

எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை போதும். இன்று பார்க்கவில்லை. வேறு வேலை இருந்தது.

மே 6, சனி

குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்தேன். மசாலா டப்பாக்களில் பெயர் ஒட்டினேன். அம்மா, "எதுக்கு இப்படி வீட்ட உருட்டிக்கிட்டுத் திரியுற, ஒரு எடத்துல உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பத்து வரிக்கு மேல் "தற்காலிக ஏற்பாடு, பிறகு சரி செய்யணும்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. "செய்யணும்" என்று இந்த அலுவலகத்தில் எழுதுகிறவள் ஒருத்திதான்.

மே 8, திங்கள்

சரி செய்துவிட்டேன். இனி வட்டில் இல்லாத ஃபைலுக்கு நகல் கொடுத்தால், சேவ் செய்தவுடன் நகலை ஜிப்புக்குள் திருப்பி எழுதும். எழுத முடியாவிட்டால் முடியவில்லை என்று குரல் சொல்லும். ஒரு நாள் வேலை. ஏழு வருடமாகச் செய்யாத ஒரு நாள் வேலை.

கதிரேசனிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி பண்ணியாச்சுல்ல? சிறு மேம்பாடுகள்னு ஒரு வரி போட்டு அனுப்பிரு."

"அவர் பேரு கெட்டுக் கிடக்கு சார்."

"இங்க பாரு தில்லை, இன்னும் மூணு அச்சகம் டெமோ கேட்டிருக்கு. இந்த நேரத்துல எங்க மென்பொருள் சேவ் பண்ணாமயே பண்ணேன்னு சொல்லும்னு நாமளே போயிச் சொல்லணுமா? அவரே, மறந்திருப்பேனோ என்னவோன்னு ஒத்துக்கிட்டாராம்ல. விடு."

ஒத்துக்கொண்டாரா. திருத்தியது விரலுக்குத் தெரியும் என்று பேசுகிற மனிதர்.

"சிறு மேம்பாடுகள்" என்று போட்டு அனுப்பினேன்.

மே 9, செவ்வாய்

மெக்கானிக் வந்தார். உள்ளே ஒரு ஹேர்பின் சிக்கியிருந்ததாம். என்னுடையது.

மாலையில் ஞானதிரவியம் சார். பேச ஆரம்பிக்கும் முன்பே மன்னிப்புக் கேட்டார். "ஒங்க மென்பொருளுக்கும் கெட்ட பேரு வந்துருச்சாம்லம்மா என்னால. அடுத்த புத்தகத்துக்கு வேற ஆளு பாக்கப்போறாங்க. இருபத்தாறு வருசமாச்சு. நான் திருத்துனேன், அது எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லுதப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. ராத்திரி சொர்ணத்துக்கிட்ட, நாம நெசமாவே அந்தப் பாடத்தப் படிச்சமான்னு கேக்கேன்."

"படிச்சீங்க சார்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

புது வெர்ஷன் போட நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என்மேல் எனக்கு வந்த வெறுப்பில் ஒரு டம்ளரைக் கழுவப் போய் உடைத்தேன்.

மே 10, புதன்

அலுவலகத்துக்கு நாளை விடுப்பு. காரணம்: சொந்த வேலை.

மே 11, வியாழன்

காலை ஆறரை பேருந்து. கோவில்பட்டியில் பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள், அரைமணி நின்றது. பாளையங்கோட்டையில் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது.

சின்ன வீடு. மேசையில் கணினி, புள்ளிப் பெட்டி, பக்கத்தில் அட்டை போட்ட கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சொர்ணம் அக்கா பென்சிலில் தேதி எழுதியிருந்தார். பதினான்கு தேதி. அவர் தண்ணீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

புது வெர்ஷனைப் போட்டேன். கிளம்பியிருக்கலாம். கை ஏனோ தற்காலிக ஃபோல்டரைத் திறந்தது. அங்கே எதுவும் இருக்காது என்று தெரியும், மூடும்போது அழித்துவிடத்தானே எழுதினேன்.

இருந்தது.

தற்காலிக ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தொடக்கத்தில் குறைந்தது மூன்று எழுத்தாவது வேண்டும் என்று ஜாவா அடம்பிடிக்கும். அன்றைக்கு அவசரத்தில் நான் கொடுத்தது என் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்து. அதன் பின்னால் நீளமாக ஏதோ எண்கள். என் பெயரைத் தாங்கிய ஃபைல்கள் வரிசையாக நின்றன. முதலாவதைத் திறந்தேன். முதல் பாடம். எண் குறி இருந்தது. எல்லா இடத்திலும் இருந்தது.

எண்ணினேன். ஒன்பது. புத்தகத்தை இழுத்துப் பென்சில் தேதிகளோடு வைத்துப் பார்த்தேன். மார்ச் பதினைந்திலிருந்து ஏப்ரல் பதினைந்து வரை எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

சுவிட்சை அணைத்தால் மென்பொருள் முறையாக மூடாது. முறையாக மூடாவிட்டால் நகலை அழிக்கும் வேலை நடக்காது. அவர் சுவரில் அணைத்த ஒவ்வொரு நாளும் அவருடைய உழைப்பு பிழைத்துக் கிடந்தது. பதினேழாம் தேதி நான் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் கையாலேயே அழிய வைத்தேன்.

"என்னம்மா, பேச்சையே காணும்?" என்றார் சார்.

சொன்னேன். ஜிப், நகல், பத்து வரி, என் பெயர், எல்லாம். சுற்றி வளைக்கவில்லை.

சொர்ணம் அக்காதான் முதலில் வாய் திறந்தார். "அப்போ இவரு மறக்கல."

"மறக்கல அக்கா."

"ஒரு தடவ தொறந்து பாப்போம்னு நான் சொன்னேன். நீங்க சொன்னதத்தான் இவரு கேட்டாரு." அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரம் வைக்கும் சத்தம் பலமாகக் கேட்டது.

சார் புள்ளிப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி இருந்தார். "ஒம்பது பாடம் கெடக்குல்லா?"

"கிடக்கு சார்."

"மத்த அஞ்சு?"

"நான் சொன்னபடி மூடினதுல அழிஞ்சிருச்சு."

"பியூலா மேடத்துக்கு யாரு சொல்லுவா?"

"நான் ஊருக்குப் போய் கடிதம் எழு..."

"இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க. சத்தமா வைங்க. நான் கேக்கணும்."

போட்டேன். ஒலிபெருக்கியில் வைத்தேன். பியூலா மேடம் முதலில் நம்பவில்லை, பிறகு கோபப்பட்டார். "அப்ப அவர நாங்க பேசுனதெல்லாம்?" என்றார். தவறு எங்களுடையது, எழுதியது நான், பயனர் தவறு என்று பதிந்ததும் நான் என்றேன். அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது.

"சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன் மேடம்" என்றார் சார். கண்ணைத் துடைத்தாரா, வியர்வையா, நான் பார்க்கவில்லை. சொர்ணம் அக்கா வாசலில் நின்று என்னிடம், "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன்.

மே 12, வெள்ளி

கதிரேசனிடம் போய்ச் சொன்னேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல." கேட்டேனே, திங்கட்கிழமை. டெமோ கேட்ட மூன்றில் ஒன்று தள்ளிப்போட்டுவிட்டதாம். என்னிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார். அலுவலகத்தில் எனக்கான செய்தியெல்லாம் மின்னஞ்சலில் வருகிறது, எட்டடி தூரத்திலிருந்து.

ஏப்ரல் 17 புகாரைத் திறந்து "பயனர் தவறு" என்பதை எடுத்தேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.

மே 13, சனி

சொர்ணம் அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேகமாகப் படிக்க முடியாதாம். பள்ளி திறப்பதற்குள் ஐந்து பாடம் வேண்டும். பியூலா மேடம் அச்சகத்தில் ஆள் தருவதாகச் சொன்னாராம். சார் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு எனக்கு அழைத்து, "ஒங்களுக்குக் கணக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார்.

அம்மாவை அத்தை வீட்டில் விட்டேன். ஒரு வாரம் விடுப்பு. கதிரேசனின் மின்னஞ்சல்: "சரி."

மே 16, செவ்வாய்

பத்தாம் பாடம் முடிந்தது. உரக்கப் படிப்பது இவ்வளவு கஷ்டமா. நான் அடைப்புக்குறியைச் சொல்லாமல் தாண்டினால் சாரின் விரல் நின்றுவிடுகிறது. "தொறந்தியளே, மூடலயே" என்கிறார். சொர்ணம் அக்கா வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை சிரித்தார்.

மே 18, வியாழன்

பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. என் தொண்டையும் போயிற்று. அக்கா எனக்கும் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தார்.

மே 20, சனி

பதினான்காம் பாடத்தின் கடைசிக் கணக்கை மத்தியானம் மூன்றரைக்கு முடித்தோம். சார் சேவ் செய்தார். "சேமிக்கப்பட்டது" என்றது குரல். அந்தக் குரலை நம்புவதா என்று மூவரும் யோசித்திருப்போம்.

அக்கா புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தில் இருந்த பழைய தேதிக்குக் கீழே இன்றைய தேதியைப் பென்சிலால் எழுதினார்.

"இப்ப எப்படி மூடணும்?" என்றார் சார்.

"எப்படி மூடினாலும் போகாது சார். உங்க இஷ்டம்."

சார் நாற்காலியிலிருந்து சாய்ந்து கையை நீட்டி, சுவரில் சுவிட்சை அணைத்தார். மின்விசிறியும் அதே சுவிட்சில்தான் போலிருக்கிறது, அதுவும் சேர்ந்து நின்றது. அறை அப்படியே அமைதியாகிவிட்டது.

"போடு சொர்ணம். இருக்கான்னு பாப்போம்."

அக்கா சுவிட்சைப் போட்டார். அந்தப் பழைய கணினி எழுந்து வர நாலு நிமிடம் ஆகும். நான் என் புடவைத் தலைப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினேன். சார் ஜிப்பைத் திறந்தார். பதினான்காம் பாடம். இரண்டு கையையும் புள்ளிப் பெட்டியின் மேல் வைத்தார். முதல் வரியில் விரல் போயிற்று. இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் நின்றது.

"இருக்கு" என்றார்.

நான் மூச்சு விடுவதற்குள் விரல் பின்னால் வந்து ஓர் இடத்தைத் தடவியது.

"எல்லாம் இருக்கு. ஆனா இந்த மூணாவது வரியில நீங்க ஒரு எண்ணத் தப்பா வாசிச்சிருக்கிய. புத்தகத்த எடுங்க, மறுபடி படிங்க."

எடுத்தேன். படித்தேன்.